நாளை மூடப்போவதை இன்று பாருங்கள்

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். எங்களுக்கென்று ஒரு சின்ன மனை இருக்கிறது. அதில் 800 சதுர அடியில், தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு வீட்டை முடிந்தவரை எங்கள் கையாலேயே கட்ட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. பணம் மிச்சமாகும் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை. இரண்டு வருடமாகக் கட்டட வேலை வீடியோக்களைப் பார்த்து நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். உறவினர் வீடு கட்டியபோது பத்து நாள் கொத்தனாரோடு நின்று செங்கல்லும் வைத்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒரு மேஸ்திரி, "இதெல்லாம் பொம்பளைங்க செய்யற வேலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். சனி, ஞாயிறுதான் எங்களுக்கு ஓய்வு. எங்களால் முடியுமா? எங்கே தவறுவோம்? எவ்வளவு காலம் பிடிக்கும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். அந்த மேஸ்திரி சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கரணைக்கு ஆண் கை, பெண் கை தெரியாது. பத்து நாள் வெயிலில் நின்று செங்கல் வைத்துப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அதுவே எனக்குப் போதும். ஆனால் "முடிந்தவரை எங்கள் கையாலேயே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'முடிந்தவரை' எதுவரை என்பதைத்தான் நாம் இப்போது பேசித் தீர்க்க வேண்டும். கோடு தப்பான இடத்தில் விழுந்தால் வீட்டுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

முப்பது வருடமாகக் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். வேலையைப் பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இன்று செய்வது நாளை மூடிப்போகுமா? சுவர்ப் பூச்சு கோணலாக வந்தால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். டைல்ஸ் ஏற்ற இறக்கமாக இருந்தால் பெயர்க்கலாம். பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் வேறு நிறம் அடிக்கலாம். இவை கண்ணுக்கு முன்னால் இருப்பவை. தப்பு தெரியும், தெரிந்ததும் திருத்தலாம். கடைக்காலுக்குள் போன கம்பி, தூணுக்குள் போன ஜல்லி, தரைக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய், சுவருக்குள் புதைந்த மின்கம்பி ஆகியவை அப்படி இல்லை. அங்கே நடந்த தப்பு வருடக்கணக்கில் சத்தம் காட்டாமல் இருந்துவிட்டு ஒருநாள் விரிசலாகவோ ஒழுகலாகவோ வெளியே வரும். அப்போது திருத்துவதென்றால் உடைக்கத்தான் வேண்டும். எனவே திருத்தக்கூடிய வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிப்போகும் வேலையைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். மூடுவதற்கு முன் நீங்கள் நின்று பாருங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1970களின் கடைசியில் லண்டனின் லூவிஷம் பகுதியில், அரசு வீட்டுக்காகக் காத்திருந்த சாதாரணக் குடும்பங்கள் மாலை நேரத்திலும் வார இறுதியிலும் உழைத்துத் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டின. வழிகாட்டியவர் வால்டர் சீகல் என்ற கட்டடக் கலைஞர். செங்கல் கட்டும் வேலை, பூச்சு வேலை போன்ற ஈர வேலைகளை அவர் கூடியவரை தவிர்த்துவிட்டார். மரச்சட்டங்களை போல்ட் போட்டு முடுக்கி, கடையில் வரும் அளவிலேயே பலகைகளைப் பொருத்தும்படி வடிவமைத்தார். போல்ட்டைக் கழற்றலாம், பலகையைத் திரும்ப மாட்டலாம். பழகாத கைக்கு வேண்டியது அந்த வசதிதான். உங்கள் வீடு செங்கல்லும் கான்கிரீட்டும் என்பதால் அவருடைய முறை அப்படியே பொருந்தாது. ஆனால் எந்த வேலையைத் திரும்பச் செய்ய முடியும் என்று பார்த்துப் பிரித்தாரே, அது உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு கட்டுமானப் பொறியாளரைப் பிடியுங்கள். வரைபடம் போட்டு அனுமதி வாங்குவதோடு அவர் வேலை முடிந்துவிடக் கூடாது. கடைக்கால் தோண்டிய அன்று ஒருமுறை, ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன்னால் கம்பி கட்டி முடித்ததும் ஒருமுறை, அவர் மனைக்கு வந்து பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். கட்டணத்தையும் அந்த வருகைகளுக்கு ஏற்றபடி பேசுங்கள். சிக்கனம் பிடிக்க வீட்டில் வேறு எத்தனையோ இடம் இருக்கிறது, இது அந்த இடம் இல்லை. நீங்கள் எழுதி வைத்திருக்கும் நோட்டு வீணாகாது. ஆனால் வீடியோவில் வரும் மண் உங்கள் மண் இல்லை. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண்ணாக இருந்தால் மூன்றடிக் கடைக்கால் சுவரைத் தூக்கித் தூக்கி இறக்கும். வருடத்துக்கு ஒரு விரிசல் நிச்சயம். பள்ளத்தை மேடாக்கிய மனை என்றால், கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கையான கெட்டி மண்ணுக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்துக்காரர்களிடம் "இங்கே முன்னால் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். குளமோ குப்பைமேடோ இருந்திருந்தால் அதைப் பழைய ஆட்கள்தான் சொல்வார்கள்.

வீட்டை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சாமான் அறை கட்டுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். பத்துக்கு எட்டு அடி போதும். மேலே தகரக் கூரை. சிமென்ட்டும் சாமானும் வைக்க எப்படியும் ஓர் இடம் வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டில் வரப்போகும் பாதி வேலை சிறிய அளவில் அங்கே வந்துவிடும்: மார்க்கிங், தோண்டுதல், மட்டம் பார்த்தல், செங்கல் கட்டு, கதவு நிலை நிறுத்துதல், பூச்சு. முதல் பூச்சு மோசமாகத்தான் வரும். அது வரவேற்பறைச் சுவரில் வருவதைவிட இங்கே வரட்டும். இரண்டு மாதத்தில் உங்கள் வேகம் என்ன, எந்த வேலை கைக்குப் பிடிக்கிறது, எந்த வேலையில் இருவரும் சண்டை போட்டுக்கொள்கிறீர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டுக்கான கணக்கை அதற்குப் பிறகு போடுங்கள்.

மார்க்கிங் உங்கள் கணவரின் வேலையாக இருக்கட்டும். நாலு மூலையிலும் முளையடித்து நூல் கட்டியதும், ஒரு மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, இன்னொரு நூலில் 4 அடி குறித்து, அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே டேப் பிடியுங்கள். சரியாக 5 அடி வந்தால் மூலை செங்கோணம். பெரிய மூலைக்கு 6, 8, 10 என்று வையுங்கள். அளவு பெரிதானால் பிழை தெளிவாகத் தெரியும். பிறகு எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ஒன்றரை அங்குலத்தை விட்டுவிட்டால், டைல்ஸ் ஒட்டும்போது சுவரோரம் ஆப்பு மாதிரி வெட்டிய துண்டுகளாக அது திரும்பி வரும். லேத்தில் நூலளவு பார்த்துப் பழகியவருக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கட்டடத்தில் மில்லிமீட்டருக்காக நாள் முழுக்க நிற்கக் கூடாது. மார்க்கிங்கில் கால் அங்குலத்துக்குள் வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். மட்டத்துக்கு, தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். டியூபுக்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்.

தோண்டும்போது கவனம். ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால், பக்கங்களைச் சரிவாக வெட்டாமலோ பலகை முட்டுக் கொடுக்காமலோ யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பளவு சரிந்தாலே மூச்சு விட முடியாது. தோண்டிய மண்ணைக் குழி ஓரத்திலேயே குவிக்காமல் இரண்டடி தள்ளிப் போடுங்கள். மழை பெய்த மறுநாள் குழியில் இறங்க வேண்டாம்.

இனி கம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் மனதில் இன்னும் ஆறாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு வீட்டில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேட், அதாவது வெயில் மழைக்குச் சுவரிலிருந்து நீட்டிய கான்கிரீட் பலகை. காலையில் கம்பி கட்டி முடித்ததும் நான்தான் பார்த்துச் சரி சொன்னேன். கம்பி மேல்பக்கம், சரியான இடத்தில் இருந்தது. பிறகு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கான்கிரீட் போடும்போது சட்டியோடு வந்தவர்கள் அந்தக் கம்பி மேலேயே கால் வைத்து நடந்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கம்பிக்கூடு அமுங்கி அடியில் போய்ப் படுத்துவிட்டது. அதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டி, மட்டம் தட்டி, மணியாசுக் கட்டையால் தேய்த்து முடித்தார்கள். சாயங்காலம் வந்து பார்த்தேன். அழகாக இருந்தது. கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கிநின்ற முட்டை எடுத்த அன்று, சுவரும் சன்ஷேடும் சேரும் இடத்தில், மேல்பக்கமாக, நூல் பிடித்த மாதிரி ஒரு விரிசல். விரல் நகம் உள்ளே போனது. அவசரமாக முட்டைத் திரும்பக் கொடுத்து, மறுநாள் முழுவதையும் உடைத்து எடுத்தோம். அந்த நேரத்தில் கீழே யாரும் நிற்கவில்லை என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமூச்சு வருகிறது.

ஏன் அப்படி ஆனது? ஒரு நீளமான அழிரப்பரை எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கீழே அழுத்துங்கள். மேல்பக்கம் கோடுகள் விலகும், கீழ்ப்பக்கம் நெருங்கும். சன்ஷேடும் பால்கனியும் இப்படித்தான். கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுபடும் இடத்தில்தான் கம்பி வேண்டும். ஒருபக்கம் மட்டும் பிடிமானம் உள்ள எதற்கும் அந்த இடம் மேல்பக்கம். இப்போது அதே ரப்பரின் இரண்டு முனைகளையும் இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள். இந்த முறை கீழே விலகும். அறையின் மேல்தளம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் சின்ன உத்திரம்), பீம் எல்லாவற்றுக்கும் நடுப்பகுதியில் முக்கியக் கம்பி அடியில் இருப்பது அதனால்தான். இந்த ரப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். கம்பிக் கட்டுக்காரரிடம், "அண்ணே, இந்தக் கம்பி எதுக்கு மேல வருது?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல ஆள் என்றால் சந்தோஷமாக விளக்குவார்.

கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் நடுவே கான்கிரீட் நின்றால்தான் ஈரம் உள்ளே போய்த் துரு ஏறாது. துருப்பிடித்த கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டையே தள்ளிப் பிளக்கும். பழைய வீடுகளின் தளத்தில் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண வீட்டுக்கு ஃபுட்டிங்கில் (தூணுக்கு அடியில் வரும் அகலமான கான்கிரீட் அடித்தளம்) 50 மி.மீ., தூணில் 40, பீமில் 25, தளத்தில் 20 மி.மீ. இடைவெளி வைப்பது வழக்கம். உங்கள் வரைபடத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டிகளான கவர் பிளாக்குகளை நீங்களே முன்கூட்டி வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அளவு வாரியாகப் பெட்டியில் எழுதி வைக்கலாம். உடைந்த செங்கல்லையும் மரக்குச்சியையும் கம்பிக்கு அடியில் செருகும் பழக்கத்தை உங்கள் மனையில் அனுமதிக்காதீர்கள். கம்பியை எடை போட்டு வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு உதவும். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. கணக்கு எழுதும் உங்களுக்கு இதைவிட எளிய தணிக்கை இருக்காது.

அடுத்தது தளம் போடும் நாள். 800 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் கணக்குப் போட்டால் ஒன்பதரைக் கன மீட்டர் கான்கிரீட். எடை 23 டன்னுக்குக் குறையாது. சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற 1:1½:3 கலவை என்றால் 75 மூட்டை சிமென்ட். இதை ஒரே நாளில், நடுவில் நிறுத்தாமல் போட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால், பழையதும் புதியதும் சேரும் கோட்டில் தண்ணீர் இறங்கும். ஆகவே இதை நீங்கள் இருவரும் செய்யக் கூடாது. ஒரு முழு கான்கிரீட் கோஷ்டியோ, ரெடிமிக்ஸ் வண்டியோ வரட்டும். அன்றைக்கு உங்களுக்கு வேறு இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, காலையில் முட்டுகளைப் பார்ப்பது. அந்த 23 டன்னும் சென்ட்ரிங் முட்டுகளின் மேல்தான் நிற்கப்போகிறது. ஒவ்வொரு முட்டும் நேராக இருக்கிறதா, இளகிய மண்ணில் இல்லாமல் பலகை மேல் நிற்கிறதா, ஒன்றுக்கொன்று குறுக்குச்சட்டம் அடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கான்கிரீட் போடும்போது தளத்துக்குக் கீழே யாரும் போகக் கூடாது. தண்ணீர் குடிக்கவும் நிழலுக்காகவும் ஒதுங்குபவர்களைத்தான் குறிப்பாகத் தடுக்க வேண்டும்.

இரண்டு, மிக்சர் பக்கத்தில் நிற்பது. காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கும். பதினோரு மணி வெயிலில் கலவை கொஞ்சம் இறுகும். மேலேயிருந்து ஒரு குரல் வரும்: "தண்ணி இன்னும் கொஞ்சம் விடு!" மிக்சர்காரர் பக்கெட்டைத் தூக்குவார். அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது, சிமென்ட் எடைக்குத் தண்ணீர் எடை 0.5 என்ற விகிதம், மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அதில் அடக்கம். இன்னும் 5 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.6 ஆகி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும். சிமென்ட்டோடு சேராத தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டைகளாக நிற்பதுதான் காரணம். தண்ணீருக்கும் வலுவுக்கும் உள்ள இந்த உறவை 1918லேயே டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்து வெளியிட்டுவிட்டார். நூறு வருடம் தாண்டியும் ஒவ்வொரு மனையிலும் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. முதல் நாளே பக்கெட்டில் அளவுக்கோடு பெயின்டால் போட்டு வையுங்கள். கலவையைச் சோதிக்க 30 செ.மீ. உயரமுள்ள கூம்பு ஒன்று கிடைக்கும். அதில் கான்கிரீட்டை நிரப்பிக் குத்திவிட்டு, கூம்பை நேராகத் தூக்கினால் கான்கிரீட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். மனையில் கலக்கும் தளக் கலவை 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் தண்ணீர் அதிகம். கலவை இன்னும் இளக்கமாக வேண்டுமென்றால் அதற்குரிய ரசாயனத்தைப் பொறியாளர் சொன்ன அளவில் சேர்க்கலாம், தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. கான்கிரீட்டை அதிர வைத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் வைப்ரேட்டர் இரண்டு இருக்கட்டும். ஒன்று நடுவில் நின்றுபோவது வழக்கம்.

மணல், ஜல்லியைச் சட்டியால் அளக்க விடாதீர்கள். உள்ளளவு 35, 25, 40 செ.மீ. இருக்கும்படி ஒரு மரப்பெட்டி செய்தால் அதில் 35 லிட்டர் பிடிக்கும். அது ஒரு சிமென்ட் மூட்டையின் கன அளவு. லேசாக ஈரமான மணல் கால் பங்குக்கு மேல்கூட உப்பி நிற்கும் என்பதால், ஈர மணலைக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும். வந்திறங்கும் மணலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி போட்டு, உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மணலுக்கு மேல் வண்டல் ஒரு தனி அடுக்காகப் படியும். 10 செ.மீ. மணலுக்கு 8 மி.மீ.க்கு மேல் வண்டல் இருந்தால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த நாள் எல்லோரும் போய்விடுவார்கள். உங்கள் கைக்கு மிகப் பொருத்தமான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். ஈரம் இருக்கும்வரைதான் சிமென்ட் இறுகிக்கொண்டே போகும். ஏழு நாளில் வலுவில் மூன்றில் இரண்டு பங்கு வரும். 28 நாளில்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வலு. தளத்துக்கு 14 நாள், தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றிப் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலிக்கு வருபவர் காலையில் ஒருமுறை குழாயைப் பீய்ச்சிவிட்டுப் போவார், மதியத்துக்குள் காய்ந்துவிடும். அலுவலகம் போகும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை நீங்கள் பாத்தியை நிரப்பினால், அதற்கு ஈடாக எந்த மேஸ்திரியும் செய்துதர முடியாது. பகலில் தண்ணீர் வற்றாமல் இருக்கச் சாக்கு விரித்து வையுங்கள். முட்டு எடுப்பதை இரண்டு வாரத்துக்குப் பிறகு, பொறியாளர் சொன்ன நாளில் செய்யுங்கள். அறைத் தளத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கும், சன்ஷேடில் வெளிமுனையிலிருந்து சுவர்ப்பக்கமும் வர வேண்டும்.

செங்கல் கட்டு உங்களுடையது. தூண், பீம் தாங்கும் வீடு என்றால் சுவர் தன் எடையை மட்டும்தான் சுமக்கும், நிதானமாகக் கட்டலாம். செங்கல்லை முன்கூட்டியே நனைத்து, மேலே தண்ணீர் மினுங்காத பதத்தில் எடுத்து வையுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு கையால் தள்ளினாலே சுவர் கல் கல்லாக வரும். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் விடும் தப்பு ஒன்று உண்டு. படுக்கை மூட்டில் கலவையை நன்றாகப் பரப்புவார்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் வரும் நிலைக்குத்து மூட்டை முகப்பில் மட்டும் தடவிவிட்டு உள்ளே காலியாக விடுவார்கள். மழைச்சாரல் உள்ளே வரும் வழி அதுதான். கல்லை வைப்பதற்கு முன்பே அதன் தலைப்பக்கத்தில் கலவையை அப்பி, பக்கத்துக் கல்லோடு அழுத்தித் தள்ளுங்கள். மூட்டு பிதுங்க வேண்டும். ஒரு நாளில் நாலடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். மூன்று வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கோணல் மூன்றாவது வரிசையில் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை, பத்தாவது வரிசையில் தெரிந்தால் ஒரு நாள் போய்விடும்.

ஈர சிமென்ட்டை வெறும் கையால் அள்ளாதீர்கள். அதன் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல். முதலில் வலி தெரியாது, சாயங்காலம் தோல் வெந்திருக்கும். ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி மூன்றும் தினமும் வேண்டும்.

குழாய், மின்சாரம் இரண்டும் மூடிப்போகும் வகை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மின் வேலையை உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்சும் சரியான எர்த்தும் கட்டாயம். சுவரில் காடி வெட்டும் வேலையை வேண்டுமானால் நீங்கள் செய்யலாம். நாலு அங்குலக் கழிவுநீர்க் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலச் சரிவு வையுங்கள். மண் போட்டு மூடும் முன் குழாயின் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு குழாய்த் தடத்தையும் டேப்பை விரித்து வைத்துப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துச் சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தைத் தேடுவீர்கள்.

காலக் கணக்கு: சனி, ஞாயிறு மட்டும், நான் சொன்ன வேலைகளை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டு என்றால், இரண்டரையிலிருந்து மூன்று வருடம். ஆறு மாதத்தில் முடிப்போம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த வாக்கே உங்களை அவசரப்படுத்தும். எங்கே நிறுத்தினால் வீடு கெடாது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். கடைக்கால் முடிந்து பேஸ்மட்டம் (வீட்டுத் தரை மட்டம்) வரை கட்டி மண் நிரப்பியதும் நிறுத்தலாம். அப்போது மேலே நீட்டியிருக்கும் தூண் கம்பிகளுக்கு, துருப்பிடிக்காமல் இருக்க, சிமென்ட்டைத் தண்ணீரில் கரைத்த சிமென்ட் பால் பூசி வையுங்கள். அதற்கடுத்த நல்ல நிறுத்தம், மேல்தளம் போட்ட பிறகுதான். நடுவில், கூரை இல்லாத சுவர்களோடு ஒரு மழைக்காலத்தைக் கடத்துவது நல்லதில்லை. அதனால் மேல்தளம் வரைக்குமான பணம் கையில் சேரும்வரை சுவரை எழுப்பாதீர்கள். தளம் போட்டாகிவிட்டால் அவசரம் இல்லை. பூச்சு, தரை, கதவு, பெயின்ட் எல்லாம் வெயில் மழை படாமல், கை ஒழிந்தபோது செய்யலாம். சிமென்ட்டை மட்டும் சேர்த்து வாங்கி வைக்காதீர்கள். மூன்று மாதம் கிடந்தால் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடலாம். தேவைக்கு வாங்கி, தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள்.

முதலில் அந்தச் சாமான் அறை. நூல் கட்டியதும் இரண்டு மூலைவிட்ட அளவுகளையும், சுவர் எழுந்ததும் நாலு மூலையிலும் தூக்குக்குண்டு காட்டிய விலகலையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். பொறியாளர் போட்டுத் தரும் தூண் வரைபடத்தின் ஒரு படத்தையும் கூடவே வையுங்கள். மொட்டைமாடிக்குப் படிக்கட்டு உள்ளே வருகிறதா வெளியே வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொண்டால்தான் மேல்தளத்தில் எங்கே திறப்பு விடுவது என்று சொல்ல முடியும்.